கடிக்கத் தெரிந்த கொசு தேவை

கொசு கடிக்காமல் போய்விடுமோ என்று கவலைப்பட்டவர்கள் உலக வரலாற்றில் மிகச் சிலர். அவர்களில் முக்கியமானவர்கள் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் இருந்தார்கள். குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் சம்பளமும் வாங்கினார்கள்.

கொசுவைக் கடிக்க வரவழைத்துச் சோதிப்பது அதற்கு முன்பே நம் நாட்டில் நடந்திருக்கிறது. 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ், உசேன் கான் என்ற மலேரியா நோயாளியைக் கொசுக்களுக்கு விருந்தாக்கினார். கொசு ஒன்றுக்கு ஓர் அணா கூலி. பத்து கொசு கடித்தது, பத்தணா கைக்கு வந்தது. ராஸுக்கு 1902இல் நோபல் பரிசு. கடித்த கொசுக்களுக்கோ வயிற்றைக் கிழித்துப் பார்க்கும் மரியாதை. 1910இல் ஹவ்லெட் என்ற பூச்சியியலாளர், ஆளே வேண்டாம், வெந்நீர் ஊற்றிய சோதனைக் குழாயின் சூட்டுக்கே கொசு வரும் என்று காட்டினார். பிறகு பார்ட் நோல்ஸ் என்ற டச்சுக்காரர், மலேரியா கொசுவுக்கு மனிதப் பாதத்தின் வாடையும் லிம்பர்கர் சீஸின் வாடையும் ஒன்றுபோலப் பிடிக்கும் என்று கண்டுபிடித்து, 2006இல் சிரிக்க வைக்கும் ஆராய்ச்சிகளுக்கான இக் நோபல் பரிசை வாங்கினார். சீஸ் தரப்பின் கருத்தை யாரும் கேட்கவில்லை.

பிரிஸ்பேன்காரர்களின் திட்டம் கொஞ்சம் கொடூரமானது. டெங்கு வைரஸ் கொசுவின் உடம்புக்குள் ஒரு வாரத்துக்கு மேல் ஊறினால்தான் அடுத்தவருக்குப் பரவும். ஆகவே நோய் பரப்புவது வயசான கொசுக்கள் மட்டுமே. முதியோரைக் காலி செய்தால் டெங்கு காலி! ஸ்காட் ஓ'நீல் தலைமையிலான இந்தக் குழு, பழ ஈயிடமிருந்து 'பாப்கார்ன்' என்ற செல்லப்பெயர் கொண்ட வோல்பாக்கியா பாக்டீரியாவை எடுத்து ஏடிஸ் கொசு முட்டைக்குள் ஊசியால் ஏற்றியது. கொசுவின் ஆயுள் பாதியானது. 2009இல் அறிவிப்பும் வந்தது.

ஒரு சிக்கல். இந்த பாக்டீரியா தாயிடமிருந்து முட்டை வழியாகத்தான் பரவும். முட்டை போட ரத்தம் வேண்டும். ரத்தத்துக்குக் கடிக்க வேண்டும். வெளியே விடுவதற்கு முன் இந்தக் கொசு ஆளைத் தேடுமா, உட்காருமா, குத்துமா, குடிக்குமா என்று பார்த்தாக வேண்டும். வினாத்தாள் மனிதக் கைதான்.

இளங்கொசுக்கள் தேறின. வயசானவை ஆளைக் கண்டுபிடிப்பதில் குறை வைக்கவில்லை. சுறுசுறுப்பாக வந்து தோலில் உட்கார்ந்தன. அப்புறம்தான் கூத்து. உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. உறிஞ்சுகுழலைத் தோலில் ஊன்றினால், இளநீரில் ஊறிப்போன காகித ஸ்ட்ரா மாதிரி அது வளைந்துகொண்டது. எடுத்து, நிமிர்ந்து, மறுபடி குத்தும், மறுபடி வளையும். ரத்தம் கிடைத்தாலும் அரை வயிறுதான். நாமாக இருந்தால் வெடி வாங்கிக் கொளுத்தியிருப்போம். விஞ்ஞானிகளோ, கடி குறைவது நல்லதுதான், ஆனால் முட்டை குறைந்தால் வம்சம் எப்படித் தழைக்கும் என்று மாமியார் கவலையில் மூழ்கினார்கள்.

கவலை வீண்போகவில்லை. ஆஸ்திரேலியாவின் மாச்சன்ஸ் பீச்சிலும் வியட்நாமின் ட்ரி நுயென் தீவிலும் பாப்கார்ன் கொசுக்களை விட்டுப் பார்த்தார்கள். விட்டுக்கொண்டிருந்தவரை பெருகின, நிறுத்தியதும் தேய்ந்து மறைந்தன. கடிச் சோதனை ஒரு குறையைத்தான் காட்டியது. ஊருக்குள் எல்லாக் குறைகளும் சேர்ந்து கணக்கை முடித்தன. 'டபிள்யூமெல்' என்ற சாதுவான வோல்பாக்கியா வகைதான் ஜெயித்தது. 2011 ஜனவரியில் கெய்ர்ன்ஸ் பக்கத்து யார்க்கீஸ் நாப், கார்டன்வேல் ஆகிய இடங்களில் அதை ஏற்றிய கொசுக்களை விடத் தொடங்கினார்கள். மொத்தம் சுமார் 3 லட்சம் கொசுக்கள். அவை உள்ளூர்க் கொசுக்களோடு கலந்து அங்கேயே நிலைத்துவிட்டன. அவற்றின் ஆயுள் பெரிதாகக் குறையவில்லை, ஆனால் டெங்கு வைரஸை உள்ளே வளரவிடாமல் தடுக்கின்றன. ஒழுங்காகக் கடிக்கவும் செய்கின்றன.

புதுச்சேரியில் 1975 முதல் இயங்கும் ஐசிஎம்ஆர் கொசு ஆராய்ச்சி மையமும் வோல்பாக்கியா ஏற்றிய ஏடிஸ் கொசுக்களை உருவாக்கிவிட்டதாக 2022இல் அறிவித்தது. அவை ஊருக்குள் வர அரசு அனுமதி வேண்டும். அதுவரை பூந்தொட்டித் தட்டிலும் பழைய டயரிலும் தேங்கிய தண்ணீரை வாரம் ஒருமுறையாவது கொட்டிவிடுங்கள்.