கட்டாயமில்லாத விதியைக் கட்டாயம் எதிர்ப்பவர்

விருப்பவிதி எதிர்ப்பாளர் என்பவர், பின்பற்றினாலும் சரி, விட்டாலும் சரி என்று சொல்லப்பட்ட ஒரு விதியை, உயிரே போனாலும் பின்பற்ற மாட்டேன் என்று சூளுரைக்கும் வலைப்பதிவர். சட்டத்தை மீறுபவரோடு இவரைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இவர் வரியை ஒழுங்காகக் கட்டுவார். சிவப்பு விளக்கைக் கண்டால் நள்ளிரவிலும் வண்டியை நிறுத்துவார். நூலகப் புத்தகத்தைக் கெடுவுக்கு முன்பே திருப்பிக் கொடுப்பார். கட்டாயம் என்றால் கப்சிப். விருப்பம் என்று யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால்தான் இவருக்குள் படுத்திருக்கும் புரட்சிக்காரர் எழுந்து உட்காருவார். இந்த ரகத்தின் பொற்காலம் 2007 ஏப்ரல். களம் அமெரிக்க வலைப்பதிவுலகம்.

இவர் தோன்றக் காரணமான நிகழ்ச்சி சிரிப்புக்குரியது அல்ல. கணினி நூலாசிரியரும் பதிவருமான கேத்தி சியராவுக்கு அந்த ஆண்டு மார்ச்சில் இணையத்தில் கொலை மிரட்டல்கள் வந்தன. சான் டியேகோவில் ஒரு தொழில்நுட்ப மாநாட்டில் பேச இருந்த அவர், பயணத்தை ரத்து செய்துவிட்டு வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டார். மாநாட்டை நடத்தியது டிம் ஓ'ரெய்லியின் நிறுவனம். கலிஃபோர்னியாவின் செபாஸ்டபோல் என்ற சிற்றூரிலிருந்து, அட்டையில் விலங்குப் படம் போட்ட கணினிப் புத்தகங்களை வெளியிட்டுப் பெயர் பெற்ற பதிப்பாளர் அவர். பதிவர்களுக்கு ஒரு நடத்தை நெறி தேவை என்று மார்ச் 31 அன்று எழுதினார். விக்கிப்பீடியாவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜிம்மி வேல்ஸ் கைகொடுத்தார். ஏப்ரல் 8 அன்று வரைவு வெளியானது. மறுநாள் நியூயார்க் டைம்ஸின் முதல் பக்கத்தில் செய்தி வந்தது. அன்று காலைக் காப்பி ஆறுவதற்குள் எதிர்ப்பாளர் தம் முதல் பதிவை ஏற்றிவிட்டார்.

வரைவில் இருந்தவை ஆறேழு வாக்கியங்கள். தம் எழுத்துக்கும் தம் தளத்தில் அனுமதிக்கும் பின்னூட்டங்களுக்கும் பதிவரே பொறுப்பு. நேரில் சொல்லத் தயங்குவதை இணையத்திலும் சொல்ல வேண்டாம். பகிரங்கமாகச் சாடுவதற்கு முன்னால் தனியே பேசிப் பார்க்கலாம். ஒருவரை மற்றவர் அநியாயமாகத் தாக்குவதைக் கண்டால் சும்மா இருக்க வேண்டாம். பெயரில்லாத 'அனானி'ப் பின்னூட்டங்களுக்கு இடமில்லை. வம்புக்கு இழுப்பவர்களைக் கண்டுகொள்ள வேண்டாம். பள்ளிக்கூடச் சுவரில் எழுதி வைத்திருந்தால் எந்த மாணவனும் நின்று படிக்காத வாசகங்கள்தான் இவை. நெறியை ஏற்பவர் ஷெரீஃபின் நட்சத்திரம் போன்ற ஒரு சின்னத்தைத் தளத்தில் ஒட்டிக்கொள்ளலாம். ஏற்காதவருக்கும் ஒரு சின்னம் இருந்தது: இங்கே எதுவும் நடக்கும், உள்ளே வருவது உங்கள் பாடு. இரண்டும் வேண்டாதவர் எதையும் ஒட்டாமல் பேசாமல் இருந்துகொள்ளலாம். மூன்று வழிகளில் எதிர்ப்பாளருக்கு மிகக் கடினமானது இந்த மூன்றாவது வழி.

அவருடைய வாதங்கள் ஒரு வரிசைப்படி வரும். முதலில் அரசியல் சட்டம். 1791இல் நிறைவேறிய முதல் திருத்தத்தை அவர் எடுத்துப் போடுவார். பேச்சுரிமையைக் குறைக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றக் கூடாது என்பது அதன் சாரம். ஓ'ரெய்லி நாடாளுமன்றம் அல்ல; செபாஸ்டபோல் வாஷிங்டன் அல்ல; வந்தது சட்டமும் அல்ல. இந்த மூன்று சில்லறை விவரங்களை ஒதுக்கிவிட்டால் வாதம் அசைக்க முடியாதது.

அடுத்தது தீர்க்கதரிசனம். இன்று சின்னம், நாளை உரிமம், மறுநாள் சிறை என்று மூன்றே படிகளில் முடிந்துவிடும். இதற்குத் துணையாக, 1996இல் ஜான் பெர்ரி பார்லோ டாவோஸிலிருந்து வெளியிட்ட இணைய விடுதலைப் பிரகடனத்தை அழைத்துவருவார். அரசுகளுக்கு இணையவெளியில் ஆட்சியுரிமை இல்லை என்று முழங்கிய ஆவணம் அது. இங்குள்ள தகராறுகளை நாங்களே பார்த்துக்கொள்வோம், எங்களுக்கான சமூக ஒப்பந்தத்தை நாங்களே வகுத்துக்கொள்வோம் என்றும் அதே ஆவணம் சொல்கிறது. அந்தப் பத்தி வரும்போது எதிர்ப்பாளர் பக்கத்தைப் புரட்டிவிடுவார்.

மூன்றாவது வாதம் அனானியின் மாண்பு. தாமஸ் பெயின் 1776இல் 'காமன் சென்ஸ்' நூலைப் பெயர் போடாமல்தான் வெளியிட்டார். ஹாமில்டன், மேடிசன், ஜே ஆகிய மூவரும் 1787-88இல் பப்ளியஸ் என்ற பெயருக்குள் ஒளிந்துகொண்டுதான் 85 கட்டுரைகளில் புதிய அரசியல் சட்டத்துக்காக வாதாடினார்கள். பெயரில்லாத் துண்டறிக்கைக்கும் உரிமை உண்டு என்று 1995இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அத்தனையும் உண்மை. எதிர்ப்பாளரின் தளத்துக்கு வரும் அனானியோ "போடா முட்டாள்" என்ற இரண்டே சொற்களில், அதிலும் ஓர் எழுத்துப் பிழையோடு, தம் அரசியல் தத்துவத்தை முடித்துக்கொள்கிறார். இத்தனைக்கும் வரைவு புனைபெயரைத் தடுக்கவே இல்லை; செல்லுபடியாகும் மின்னஞ்சல் முகவரி ஒன்றை மட்டும்தான் கேட்டது. பப்ளியஸ் ஒரு முகவரியைக் கொடுத்துவிட்டுத் தாராளமாக எழுதியிருக்கலாம். வரைவைப் படித்தவர்களுக்கு இது தெரியும். படித்துவிட்டு எதிர்ப்பது எதிர்ப்பாளரின் வேகத்துக்கு ஒத்துவராது.

நான்காவது வாதத்தில் வக்கீல் தோற்றம். 1996ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் 230ஆம் பிரிவு, அடுத்தவர் எழுதியதற்குத் தளம் நடத்துபவரைப் பொறுப்பாளியாக்குவதில்லை. அப்படியிருக்க, பின்னூட்டங்களுக்கு நானே பொறுப்பு என்று வலியப்போய் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று கேட்பார். நியாயமான கேள்விதான். தகாத பின்னூட்டத்தை நல்லெண்ணத்தோடு நீக்குபவருக்கும் அதே பிரிவு பாதுகாப்புத் தருகிறது. இந்தப் பாதியை அவர் வாதத்தில் சொல்வதில்லை. நடைமுறையில் மட்டும் தாராளமாகப் பயன்படுத்துவார்.

எப்படியென்றால், அவர் தளத்தின் ஓரத்தில் 'பின்னூட்டக் கொள்கை' என்றொரு சுட்டி இருக்கும். அதைச் சொடுக்கினால் ஓ'ரெய்லியின் வரைவைவிட நீளமான பக்கம் திறக்கும். தலைப்பை விட்டு விலகக் கூடாது. பெரிய எழுத்துகளில் கத்தக் கூடாது. சொந்த வியாபாரத்துக்குச் சுட்டி கொடுக்கக் கூடாது. முன்பே பதில் சொன்ன கேள்வியை மறுபடி கேட்கக் கூடாது. பதிவரின் குடும்பத்தை இழுக்கக் கூடாது. எந்தப் பின்னூட்டத்தையும் காரணம் சொல்லாமல் நீக்கும் உரிமை பதிவருக்கு உண்டு. கருத்துச் சுதந்திரத்தைப் பற்றிய பதிவுக்கு மாற்றுக் கருத்து எழுதியவர், மாலையில் வந்து பார்த்தால் தம் பின்னூட்டத்தைக் காணாமல் திகைப்பார். அடுத்தவர் விதி சொல்லும்போது அந்தத் தளம் ஊர்ப் பொது மைதானம்; பின்னூட்டத்தை நீக்கும்போது அதுவே அவருடைய வீட்டுக் கூடம். மைதானத்துக்கும் கூடத்துக்கும் இடையே அவர் ஒரு நாளைக்குப் பல தடவை நடப்பதால் உடலுக்கும் நல்லது.

வரைவில் இவரை உண்மையாகவே உறுத்தியது, தனியே பேசிப் பாருங்கள் என்ற விதி. அதற்குத் தொழில் சார்ந்த காரணம் உண்டு. அந்நாளில் பதிவர்களின் அந்தஸ்தைச் சொன்னது டெக்னோராட்டி. எத்தனை தளங்கள் ஒருவருக்குச் சுட்டி கொடுக்கின்றன என்று எண்ணி அது தரவரிசை போட்டது. பாராட்டிக் கொடுத்த சுட்டிக்கும் திட்டிக் கொடுத்த சுட்டிக்கும் அங்கே ஒரே மதிப்பு. பாராட்டுபவர் ஒரு தடவை சுட்டி கொடுத்துவிட்டுப் போய்விடுவார்; திட்டுபவர் தினமும் வருவார். இரண்டு பேர் மின்னஞ்சலில் தனியே பேசிச் சமாதானமாகிவிட்டால் இருவருக்கும் நஷ்டம். வம்புக்கு இழுப்பவரைக் கண்டுகொள்ளாவிட்டாலோ பின்னூட்ட எண்ணிக்கை சரிந்துவிடும். ஆகவே ஓ'ரெய்லி கேட்டது நாகரிகத்தை அல்ல, பிழைப்பை.

எதிர்ப்பாளர் சொன்ன அனைத்தும் வெட்டிப் பேச்சு என்று தள்ளவும் முடியாது. கொலை மிரட்டல் விடுப்பது எந்த நெறியும் வருவதற்கு முன்பே குற்றம். மிரட்டுகிறவர் வரைவில் கையெழுத்திட்டுவிட்டு மிரட்டப்போவதில்லை. எது நாகரிகம் என்று முடிவுசெய்வது யார் என்ற கேள்விக்கு வரைவில் பதில் இல்லை. ஷெரீஃப் நட்சத்திரத்தை மார்பில் குத்திக்கொள்வது வளர்ந்தவர்களுக்குக் கூச்சமான காரியம். எல்லாருக்கும் ஒரே நெறி பொருந்தாது என்பதை ஓ'ரெய்லியும் சில நாட்களிலேயே உணர்ந்து எழுதினார். வரைவு ஒரு விக்கிப் பக்கத்தில் யாரும் வந்து திருத்தட்டும் என்று திறந்தே கிடந்தது. பிடிக்காத வரியை எதிர்ப்பாளர் இரண்டு நிமிடத்தில் அங்கேயே திருத்தியிருக்கலாம். திருத்தினால் பிரச்சினை தீர்ந்துவிடும்; பதிவு எழுத விஷயம் இருக்காது. அவர் ஐந்து பாகங்களில் தொடர் எழுதினார்.

போராட்டம் வென்றது. நெறி நடைமுறைக்கு வரவில்லை, சின்னங்கள் பரவவில்லை. கேத்தி சியரா தம் வலைப்பதிவை அந்த ஏப்ரலோடு நிறுத்திக்கொண்டார். எதிர்ப்பாளரும் அதன்பிறகு தம் தளத்தில் அதிகமாக எழுதவில்லை. ட்விட்டர் 2006இல் தொடங்கியிருந்தது. மாணவர்களுக்கென்று இருந்த ஃபேஸ்புக் அதே ஆண்டு செப்டம்பரில் எல்லாருக்கும் கதவைத் திறந்திருந்தது. கூட்டம் அங்கே போனது. சுட்டிகளும் அங்கே போயின. எதிர்ப்பாளரும் பின்னாலேயே போனார். ஃபேஸ்புக் உண்மைப் பெயரைக் கேட்டது. கொடுத்தார். பிறந்த தேதியையும் கேட்டது. அதையும் கொடுத்தார். எதை எழுதலாம், எதை நீக்குவோம், யாரை எப்போது வெளியேற்றுவோம் என்று பல பக்கங்களுக்கு நிபந்தனைகள் நீண்டன. அவற்றைத் திருத்த விக்கிப் பக்கம் கிடையாது. ஒட்டாமல் இருக்கும் மூன்றாவது வழியும் கிடையாது. பப்ளியஸ் அங்கே கணக்குத் தொடங்கியிருந்தால் போலிப் பெயர் என்று முடக்கியிருப்பார்கள்.

ஆறேழு வாக்கியங்களைப் படிக்காமல் எதிர்த்தவர், பல பக்கங்களைப் படிக்காமல் ஏற்றுக்கொண்டார்; படிப்பதில்லை என்ற கொள்கையில் மட்டும் கடைசிவரை உறுதியாக நின்றார். இனிமேல் எவருக்காவது பதிவர்களுக்கு நடத்தை நெறி எழுதும் ஆசை வந்தால், நெறியை எவ்வளவு நல்லதாக எழுதுவது என்று மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. 'விருப்பமிருந்தால்' என்ற சொல்லை எடுத்துவிட்டு, அடியில் 'சம்மதம்' என்று ஒரு பொத்தானை வைத்துவிட்டால் போதும்.