வுட்டியின் பூட்ஸில் அழிந்த பெயர்: 'டாய் ஸ்டோரி 2' பாடபேத ஆராய்ச்சி

பழந்தமிழ் நூல்களுக்கு மூலபாடம் உண்டு, பாடபேதம் உண்டு, இடைச்செருகல் உண்டு. குழந்தைகள் திரும்பத் திரும்பப் போட்டுத் தேய்க்கும் படத்தட்டுக்கு மட்டும் ஏன் இவை இல்லை என்று கேட்கப் புலவர் எவரும் முன்வரவில்லை. அந்தக் குறையைப் போக்க எழுந்த இவ்வாய்வு எடுத்துக்கொண்ட நூல், 1999 நவம்பரில் வெளியான பிக்ஸாரின் 'டாய் ஸ்டோரி 2'. முதல் பாகத்தைவிட இரண்டாம் பாகம் மேலா கீழா என்ற பட்டிமன்றத்துக்கு இங்கே இடமில்லை. வீட்டுத் திரையில் அது எப்படித் தெரிகிறது, எப்படிக் கேட்கிறது என்பதே ஆய்வெல்லை.

மூலபாடத்தின் வரலாறு சோகமானது. நேரடியாக வீடியோவாக விற்கவே முதலில் திட்டமிட்ட படம் இது. வேலை நடந்துகொண்டிருந்த 1998இல் பிக்ஸார் கணினியில் யாரோ கோப்புகளை அழிக்கும் 'ஆர்எம்' என்ற இரண்டெழுத்துக் கட்டளையைத் தவறான இடத்தில் தட்ட, படத்தின் நாயகனான கவ்பாய் பொம்மை வுட்டியின் கோப்புகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குறைந்துகொண்டே போய் இல்லாமலாயின. படத்தில் சுமார் 90 சதவீதம் காலி. காப்புப்பிரதியைத் தேடினால் அதுவும் சில வாரங்களாக ஒழுங்காகப் பதிவாகியிருக்கவில்லை. ஏடு தேடி அலைந்த பதிப்பாசிரியர்களுக்கு ஊர்க்கோடி வீட்டுப் பரணில் சுவடி கிடைக்குமே, அதேபோலத் தொழில்நுட்ப இயக்குநர் கேலின் சஸ்மனின் வீட்டில் ஒரு பிரதி இருந்தது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே வேலை பார்த்தவர் அவர். அந்தக் கணினியைப் போர்வையில் சுற்றிக் காரில் பத்திரமாகக் கொண்டுவந்தார்கள். கொடுமை என்னவென்றால், அப்படி மீட்ட பாடம் திருப்தியாக இல்லையென்று பிறகு கதையையே மாற்றி, சுமார் ஒன்பது மாதத்தில் பெரும்பகுதியைப் புதிதாகச் செய்தார்கள்.

2000 அக்டோபரில் கேசட்டும் டிவிடியும் சந்தைக்கு வந்தன. கேசட் பாடம் சுமார் 240 கோடுகளின் தெளிவு கொண்டது. அதைச் சிதைந்த ஏடு என்று ஒதுக்கிவிடலாம். டிவிடி பாடம் வேறு சாதி. மற்ற படங்களை ஃபிலிமிலிருந்து டிவிடிக்கு மாற்றும்போது கூடவே தூசியும் கீறலும் வரும். கணினியில் பிறந்த இதற்கு நடுவில் ஃபிலிமே தேவைப்படவில்லை. கோப்பிலிருந்து நேராகத் தட்டுக்கு எடுத்துவிட்டார்கள்.

இடைச்செருகல் ஆராய்ச்சிக்கும் இந்நூல் பஞ்சம் வைக்கவில்லை. இரண்டு பாகங்களையும் சேர்த்து விற்ற பெட்டியில், ஒரு பெரிய கடைச் சங்கிலிக்குப் போன ஏறக்குறைய 1000 பிரதிகளில் 'ஹை ஃபிடெலிட்டி' என்ற பெரியவர்கள் படத்தின் காட்சி நடுவில் புகுந்துவிட்டது. பொம்மைகளைப் பார்க்க உட்கார்ந்த பிள்ளைகள் முன்னால் வந்து நின்றவர் ஜான் க்யூசாக். அந்தப் படத்தில் அவர் பழைய இசைத்தட்டுக் கடைக்காரர், இசை ரசனையில் கண்டிப்பானவர். ஒருவேளை பரிசோதனைக்கு வந்தாரோ என்னவோ.

பிரதேச பேதம் ஒன்றும் உண்டு. இந்தியாவும் இலங்கையும் 'பால்' முறை நாடுகள். நொடிக்கு 24 சட்டகமாக எடுத்த படம் அம்முறைத் தட்டில் 25ஆக ஓடும். அமெரிக்கரின் 480 வரிகளுக்குப் பதில் 576 வரிகள் கிடைப்பது லாபம். ஆனால் 92 நிமிடப் படம் 88 நிமிடத்துச் சொச்சத்தில் முடிந்துவிடும். சுருதியைச் சரிசெய்யாமல் விட்டால் வுட்டிக்குக் குரல் கொடுத்த டாம் ஹாங்க்ஸ் அரைச்சுரத்துக்குச் சற்றுக் குறைவாக மேலே ஏறிப் பேசுவார். கணக்குப் போட்டால், 25 தடவை பார்க்கும் பிள்ளைக்குச் சரியாக 92 நிமிடம் மிச்சம். அந்த நேரத்தில் அது 26ஆம் தடவை பார்க்கும் என்பது பெற்றோர் அறிந்ததே.

இனி ஆய்வின் மையக் கருத்து. தட்டின் தரத்தை அளக்க எல்லாரும் போடுவது தொடக்கக் காட்சியை. விண்வெளி வீரன் பொம்மையான பஸ் விண்வெளியில் பறந்துவந்து இறங்க, ரோபோக்கள் சூழ, லேசர் பாய, சப்வூஃபர் வீட்டுச் சுவரை ஆட்டும். ஒலி வடிவமைத்தவர் கேரி ரைட்ஸ்ட்ராம், அதிராமல் எப்படி? ஆனால் அது டைனோசர் பொம்மை ரெக்ஸ் ஆடிக்கொண்டிருக்கும் வீடியோ கேம் என்று உடனே தெரிந்துவிடுகிறது. பளபளப்பைப் பளபளப்பாகக் காட்டுவதில் என்ன பெருமை? இந்தப் படத்தில் தரம் தெரிவது மோசமான இடங்களில்தான்.

படத்துக்குள் வரும் 'வுட்டிஸ் ரவுண்டப்' தொடர் அதற்கு முதல் சான்று. 1950களின் கறுப்பு வெள்ளை பொம்மலாட்டத் தொடர் போலவே மங்கலும் ஒடுங்கிய ஒலியுமாக, பொம்மைகளின் நூல் கண்ணுக்குத் தெரிய, அதைக் கணினியில் பாடுபட்டுக் கெடுத்திருக்கிறார்கள். கேசட்டில் பார்த்தால் சுற்றியிருக்கும் படமே மங்கல் என்பதால் அந்த மங்கல் தனியாகத் தெரியாது. நல்ல தட்டில்தான் எது பழசு, எது புதுசு என்ற எல்லை கத்தி வைத்ததுபோல் விழும். ஒலிக்குச் சான்று வீஸி என்ற பென்குயின். ஊதல் கெட்டு, அலமாரித் தூசிக்குள் இருமிக்கொண்டு கிடக்கும் அதன் குரல் கரகரப்பாகவே கேட்க வேண்டும். அப்போதுதான் கடைசியில் புது ஊதல் கிடைத்து ராபர்ட் கூலேயின் கம்பீரக் குரலில் அது பாடும்போது காசுக்கு மதிப்பு.

படத்தில் ஒரு பதிப்பாசிரியரும் வருகிறார். வுட்டியின் கிழிந்த கையைத் தைத்து, கண்ணைத் துடைத்து, கன்னத்துக்குச் சாயம் பூசும் கிழவர் அவர். கை தேர்ந்தவர், சந்தேகமில்லை. ஆனால் பூட்ஸின் அடியில் வுட்டியின் சொந்தக்காரச் சிறுவன் ஆண்டி எழுதிவைத்த பெயரையும் சாயம் பூசி மறைத்துவிடுகிறார். பழைய படங்களைச் சுத்தம் செய்கிறேன் என்று ஃபிலிமின் மணித்துகளோடு முகத்தின் சுருக்கத்தையும் சேர்த்துத் துடைத்து, நடிகர்களை மெழுகுப் பொம்மையாக்கிய ப்ளூரே தட்டுகளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி வயிற்றைக் கலக்கும். வுட்டி பிறகு அந்தச் சாயத்தைச் சுரண்டிப் பெயரை மீட்கிறான். தட்டு வாங்கியவர்களுக்கு அந்த வசதி இல்லை.

2009இல் முப்பரிமாணத்துக்காகப் பழைய கோப்புகளைத் தோண்டியெடுத்தது, 2010இல் ப்ளூரே, 2019இல் 4கே என்று பதிப்புகள் தொடர்ந்தன. 4கே தட்டில் இருப்பது குறைந்த தெளிவில் உருவான படத்தைப் பெரிதாக்கிய பாடம். வண்ணத்திலும் அட்மாஸ் ஒலியிலும்தான் புதுமை. பிரிக்காத பெட்டியோடு அதை வாங்கி அலமாரியில் வைப்போர் ஒரு தனிப் பள்ளி. படத்தில் ஸ்டிங்கி பீட் பெட்டி பிரிக்கப்படாமலே இருந்த பொம்மை, வில்லனும் அதுதான். பிரிக்காத தட்டின் தரம் குறித்து ஆய்வு கருத்துச் சொல்ல இயலாது.

இன்றைய பாடபேதம் தட்டில் இல்லை, டிவியில் இருக்கிறது. இரண்டு சட்டகங்களுக்கு நடுவே தானாக ஒன்றைக் கற்பனை செய்து செருகும் வசதியோடுதான் பல டிவிகள் கடையிலிருந்து வருகின்றன. பொம்மலாட்டத்தின் வெடுக்வெடுக்கென்ற அசைவு அதில் வெண்ணெயாக வழுக்கும். இதை அணைக்கச் சொல்லி 2018இல் டாம் க்ரூஸே ஒரு வீடியோ போட்டார். ஆனால் ஒவ்வொரு கம்பெனியும் அதற்கு ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது: சோனியில் மோஷன்ஃப்ளோ, எல்ஜியில் ட்ரூமோஷன், சாம்சங்கின் பழைய டிவிகளில் ஆட்டோ மோஷன் பிளஸ். ஆய்வாளர்கள் முதலில் செட்டிங்ஸில் அதைத் தேடிக் கண்டுபிடித்து அணைத்துவிட்டுத் தட்டைப் போடவும்.