கிண்டியில் திரை, சோமனூரில் ஓடிபி

2001-இல் பொறியியல் கலந்தாய்வுக்குச் சோமனூரிலிருந்து கிளம்பியபோது அப்பாவின் மஞ்சப்பையில் மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், டிடி, கட்டுச்சோறு எல்லாம் இருந்தன. கோவையில் சேரன் எக்ஸ்பிரஸ் பிடித்து, விடிந்ததும் கிண்டி அண்ணா பல்கலைக்கழகம். தறி ஓட்டுகிறவருக்குக் கூலி போனது போனதுதான்.

அப்போது நுழைவுத்தேர்வு உண்டு. அதற்கு 100, கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது. ஆக 300-க்குக் கட்ஆஃப். கோச்சிங் போக வழியில்லாத கிராமத்துப் பிள்ளைகளை 1984 முதல் பின்னுக்குத் தள்ளிய தேர்வு அது. 2007-இல் ஒழிந்ததில் எனக்கு இன்றும் சந்தோஷம். இப்போது கட்ஆஃப் 200-க்குத்தான்.

அரங்கில் பெரிய திரை. கல்லூரி, பிரிவு, மிச்சமுள்ள இடம் என்று ஓடிக்கொண்டே இருக்கும். முன்னால் போனவர் எழுந்தால் எங்கோ ஓர் எண் குறையும். அப்பாவுக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது, எண் தெரியும். “கண்ணு, நீ கேட்ட எடத்துல இன்னும் மூணு இருக்குது. பதறாதே, யோசிச்சுச் சொல்லு” என்றார். கோவை தடாகம் ரோட்டு ஜி.சி.டி.யைச் சொன்னேன். அரசுக் கல்லூரி, கட்டணம் எங்களால் தாங்கக்கூடியது.

2018 முதல் எல்லாம் இணையவழி. ரயிலும் வேண்டாம், கூலியும் போகாது. இப்போது கலந்தாய்வுக்கு நிற்கும் அக்கா மகள் அரசுப்பள்ளி மாணவி. 2021-இல் வந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டும். எங்கள் காலத்தில் கனவிலும் காணாதது.

ஆனால் கண்முன் எந்த எண்ணும் குறைவதில்லை. நானூறுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் வேண்டியதை முன்கூட்டியே வரிசைப்படுத்தி லாக் செய்துவிட வேண்டும். பிரவுசிங் சென்டர்காரர், “உறுதியாக் கெடைக்கறத மொதல்ல போட்டுக்கலாம் அம்மிணி” என்று பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்றை முதலில் போட்டிருந்தார். நல்லெண்ணம்தான், அதுவே பிள்ளையைக் கவிழ்த்திருக்கும். கணினி வரிசையை மேலிருந்து பார்த்து, முதலில் கிடைப்பதைக் கொடுத்துவிடும். அதற்குக் கீழே எழுதிய நல்ல கல்லூரி கிடைக்கக்கூடியதாக இருந்தாலும் திரும்பிப் பார்க்காது. ஆசைப்பட்டதை மேலே போட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை. அது கிடைக்காவிட்டால் அடுத்ததற்கு இறங்கும்.

“அப்ப பி.எஸ்.ஜி.ய மேல போடட்டுங்களா சித்தி? கட்ஆஃப் பத்தாதுங்க.”

“போடு. அப்புறம் ஜி.சி.டி., சி.ஐ.டி., பெருந்துறை கொங்கு. பக்கத்து ஊர் கடைசில இருக்கட்டும்.”

அவளே கையால் மாற்றினாள். கடைக்காரருக்குக் கொடுத்த பாஸ்வேர்டையும் மாற்றச் சொன்னேன். அவள் அப்பா தறிக்குடோனில் நின்றபடி போனில் ஓடிபி வாசித்தார்; வரிசையில் என்ன இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது. இந்த இடைவெளிதான் எனக்குப் பொறுக்கவில்லை. மாவட்டந்தோறும் கலந்தாய்வுச் சேவை மையங்கள் உண்டு, காசு வாங்குவதில்லை. லாக் செய்யும் முன் பெற்றோரோடு ஒருமுறை அங்கே போய் உட்காருங்கள். பிளஸ் டூ வாத்தியார்களும் விருப்ப வரிசை பதியும் நாட்களில் பிள்ளைகளைக் கூப்பிட்டு வைத்து வரிசையைப் பார்த்துக் கொடுக்க வேண்டும்.