முன்தேதியிடும் கலையில் பயிற்சி கோரி ஓர் ஓய்வூதியரின் விண்ணப்பம்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற ஆர்.எம்.எஸ். (ரயில் தபால் சேவை) சார்ட்டர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.

பெறுநர்:
மாண்புமிகு மக்களவை, மாண்புமிகு மாநிலங்களவை,
புது தில்லி.

பொருள்: அகவிலைப்படி – 2020 ஜனவரி முதல் 2021 ஜூன் வரை – 18 மாத நிலுவை – முன்தேதியிடும் முறையில் பயிற்சி அளிக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: கூட்டத்தொடர் தவறாமல் நிதி அமைச்சகம் தந்துவரும் ஒரே பதில்.

மாண்புமிகு அவைகளே,

வேலையில் இருந்த காலமெல்லாம் என் கையில் இருந்தது தேதி முத்திரை. நள்ளிரவு தாண்டினால் முத்திரையில் தேதியை மாற்றியாக வேண்டும். மறந்துபோய் ஒரு கட்டுக் கடிதத்துக்கு நேற்றைய தேதியை அடித்துவிட்டால் விடிந்ததும் மெமோ வரும். எழுதிக் கொடுத்த விளக்கம் மேலே இருப்பவருக்குப் பிடிக்காவிட்டால் ரூல் 16, சிறு தண்டனை. தெரிந்தே அடித்தால் ரூல் 14, வேலைக்கே உலை. வேலை விண்ணப்பமும் டெண்டர் கவரும் அந்த வட்டத்துக்குள் இருக்கும் தேதியை நம்பித்தான் பயணம் போயின. அதனால் முன்தேதி போடுவது மகா பாவம் என்றே ஊறிப்போய்விட்டேன். ஓய்வுபெற்றுத் தங்கள் நடவடிக்கைகளைப் படிக்க நேரம் கிடைத்த பிறகுதான் அது பாவமல்ல, ஆளைப் பார்த்துச் செய்கிற கலை என்று விளங்கியது.

2025 மார்ச் 24 அன்று ஓர் அறிவிக்கை வந்தது. நாடாளுமன்ற உறுப்பினரின் மாதச் சம்பளம் ஒரு லட்சத்திலிருந்து 1,24,000 ரூபாய். தினப்படி 2,000 ரூபாயிலிருந்து 2,500. முன்னாள் உறுப்பினரின் ஓய்வூதியம் 25,000 ரூபாயிலிருந்து 31,000. விலைவாசி எல்லோருக்கும்தானே ஏறுகிறது, இதில் எனக்கு எந்தப் பொறாமையும் இல்லை. நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டாம் முறை படித்தது அடுத்த வரியை: 2023 ஏப்ரல் 1 முதல் அமல். ஏறக்குறைய இரண்டு ஆண்டு முன்தேதி! இடைவிடாமல் உறுப்பினராக இருந்த ஒருவருக்குச் சம்பள நிலுவை மட்டும் 5,76,000 ரூபாய் வருகிறது. எங்கள் செட்டில் யாராவது இப்படி முத்திரை அடித்திருந்தால் ஓய்வூதியமே கிடைத்திருக்காது.

இந்த உயர்வை அவையில் விவாதித்தீர்களா என்று தேடிப் பார்த்தேன். தேவையே இல்லாதபடி 2018லேயே ஏற்பாடு ஆகியிருக்கிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை சம்பளம் தானாக ஏறும் என்று அந்த ஆண்டு நிதி மசோதாவுக்குள் ஒரு பிரிவை வைத்தீர்கள். அந்த மசோதாவை மக்களவை மார்ச் 14 அன்று, கில்லட்டின் முறையில், விவாதமின்றி நிறைவேற்றியது. சுமார் 89 லட்சம் கோடி ரூபாய்ச் செலவுக்கான ஒப்புதலும் அதோடு சேர்ந்தே போனது. எல்லாம் அரை மணி நேரத்துக்குள். நாங்கள் மெயில் வண்டி கிளம்பும் அவசரத்தில் பைகளை ஏற்றும்போதுகூட ஒவ்வொரு பையின் லேபிளையும் படித்துவிட்டுத்தான் ஏற்றுவோம்.

அதே மசோதாவில் இன்னொரு முன்தேதியும் இருந்தது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் அரசியல் கட்சிகளுக்குச் சங்கடமாக இருந்த வரையறையை 1976 ஆகஸ்ட் 5 முதலே மாறிவிட்டதாக வைத்துக்கொள்ளச் செய்தீர்கள். நாற்பத்தோரு ஆண்டுக்கு மேற்பட்ட முன்தேதி. கட்சி பேதமில்லாமல் பயன்பட்ட திருத்தம் என்பதால் இதற்காக யாரும் மையப் பகுதிக்கு ஓடிவந்து கோஷம் போட்டதாகத் தெரியவில்லை.

தங்கள் சம்பளத்தை எதை வைத்து ஏற்றுகிறீர்கள் என்பதும் சுவையான சங்கதி. எங்கள் அகவிலைப்படிக்கு, அதாவது டி.ஏ.வுக்கு அளவுகோல், தொழிலாளர் வாங்கும் அரிசி பருப்பின் விலையைப் பார்க்கும் நுகர்வோர் விலைக் குறியீடு. தங்களுக்கோ, வீடு நிலம் விற்பவர்களின் மூலதன ஆதாயத்தைக் கணக்கிட வருமான வரித் துறை வெளியிடும் செலவுப் பணவீக்கக் குறியீடு. 2018-19இல் அது 280, 2023-24இல் 348. வகுத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட அந்த 24 சதவீதம் விழுகிறது. 2024 ஜூலை பட்ஜெட்டில், வீடு விற்கும் குடிமகனுக்கு இந்தக் குறியீட்டுச் சலுகை இனி கிடையாது என்று எடுத்துவிட்டீர்கள். கூச்சல் கிளம்பியதும், முன்பே வாங்கி வைத்திருந்த தனிநபர்களுக்கும் இந்துக் கூட்டுக் குடும்பங்களுக்கும் மட்டும் விட்டுக்கொடுத்தீர்கள். எட்டு மாதம் கழித்து அதே குறியீடு தங்கள் சம்பளச் சீட்டில் நலமாக இருப்பதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டேன்.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். 2020 மார்ச்சில் அமைச்சரவை 4 சதவீத டி.ஏ. உயர்வுக்கு ஒப்புதல் தந்தது. ஏப்ரல் 23 அன்று, கொரோனாவைக் காரணம் காட்டி அதை நிறுத்தி வைத்தார்கள். அதோடு அடுத்த இரண்டு தவணைகளும் நின்றன. மத்திய அரசுப் பணியில் இருந்தவர்களும் ஓய்வூதியர்களுமாக ஒரு கோடியே சொச்சம் பேர். தபால்காரர்கள் மருந்துப் பார்சலோடும், ஆதார் ரேகை வைத்தால் பணம் தரும் கருவியோடும் ஊரடங்கில் வீடு வீடாக அலைந்துகொண்டிருந்த மாதங்கள் அவை. கைதட்டினீர்கள், விளக்கேற்றினீர்கள், அதற்கு வரி பிடிக்காததற்கு நன்றி.

தாங்களும் தியாகம் செய்தீர்கள் என்பதை மறைக்க மாட்டேன். ஓராண்டுக்குச் சம்பளத்தில் 30 சதவீதம் விட்டுக்கொடுத்தீர்கள், பிறகு அதைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. ஒரு நாற்காலிகூடக் காலியில்லாமல் 788 பேரும் இருந்ததாக வைத்துப் போட்டாலும், படிகளில் பிடித்தது நீங்கலாக, 28 கோடி ரூபாய் அளவுக்கு வருகிறது. எங்களுக்குத் தராமல் விட்டதில் மிச்சமானது 34,402 கோடி என்று நிதித் துறை இணையமைச்சர் தங்கள் முன்னிலையிலேயே சொன்னார். தியாகத்தை எடைபோடக் கூடாது. அஞ்சல்காரனுக்கு எதையும் தராசில் வைத்துப் பார்க்கும் பழக்கம் போகவில்லை.

2021 ஜூலையில் டி.ஏ. ஒரேயடியாக 17இலிருந்து 28 சதவீதமானது. நடுவில் போன 18 மாதம் போனதுதான் என்றார்கள். அது முதல் இந்த நிலுவை பற்றி உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பெரும்பாலும் நட்சத்திரக் குறியில்லாத கேள்வி. பதிலை அச்சடித்து மேசையில் வைத்துவிட்டால் போதும், துணைக்கேள்வி என்ற தொல்லை கிடையாது. தொற்றின் நிதிச் சுமை அந்த ஆண்டோடு முடியவில்லை, ஆகவே நிலுவை வழங்குவது சாத்தியமில்லை என்ற பதில் வரும். கூட்டத்தொடருக்குக் கூட்டத்தொடர் தேதி மட்டும் மாறுகிறது. அந்த முத்திரையை அடிப்பவர் என் ஜாதி ஆளாக இருக்க வேண்டும்.

டி.ஏ. திரும்பிய அடுத்த மாதமே, 2021 ஆகஸ்டில், தாங்கள் வேறொரு மசோதாவை நிறைவேற்றினீர்கள். 2012இல் வேறு ஆட்சி கொண்டுவந்து 1962க்கே முன்தேதியிட்ட வரி பற்றியது அது. வோடஃபோனையும் கெய்ர்னையும் துரத்திய வரி. உச்ச நீதிமன்றத்தில் தோற்ற பிறகு சட்டத்தையே பின்னோக்கித் திருத்தியது அநியாயம் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. வெளிநாட்டுத் தீர்ப்பாயத்திலும் வழக்கு தோற்றது. எனவே வரியைக் கைவிட்டு, வசூலித்த சுமார் 8,100 கோடி ரூபாயை வட்டியில்லாமல் திருப்பித் தர முடிவு செய்தீர்கள். பெகாசஸ் அமளிக்கு நடுவே மக்களவையில் சில நிமிடங்களில் முடிந்தது. அப்போதும் அதே தொற்று இருந்தது, அதே நிதிச் சுமை இருந்தது. பழைய பாக்கியைத் தீர்ப்பது சாத்தியமாகவும் இருந்தது.

சரி, கஜானா ஏன் காலி என்று 2020க்குக் கொஞ்சம் முன்னால் போய்ப் பார்த்தேன். 2019 செப்டம்பர் 20 அன்று நிதி அமைச்சர் கோவாவிலிருந்து கம்பெனி வரியைக் குறைத்தார். 30 சதவீதம் 22 ஆனது. புதிதாகத் தொடங்கும் உற்பத்தி நிறுவனத்துக்கு 15. ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி வருவாய் விட்டுக்கொடுக்கிறோம் என்று அவரே சொன்னார். அவசரச் சட்டம் என்பதால் தங்கள் விவாதமும் அதற்கு முன்னால் நடக்கவில்லை. அன்றே சென்செக்ஸ் 1,921 புள்ளி குதித்தது. அந்த ஒரு நாள் காலை நேர அறிவிப்புக்குள் எங்கள் 18 மாத நிலுவை நான்கு முறை அடங்கும்.

2023-24இல் தனிநபர்கள் கட்டிய வருமான வரி, கம்பெனிகள் கட்டியதைவிட ஒரு லட்சம் கோடிக்கு மேல் அதிகம். 2025 பட்ஜெட்டில் 12 லட்சம் வரை வரியில்லை என்று அறிவித்தீர்கள், அதற்கு நன்றி; எத்தனையோ குடும்பம் மூச்சு விட்டது. ஆனால் எங்கள் டி.ஏ. முழுக்க வருமானக் கணக்கில் வரும்போது, தங்கள் தினப்படிக்கும் தொகுதிப் படிக்கும் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10(17) பிரிவு விலக்குத் தந்தது ஏன் என்று பேரன் கேட்டான். 'படி'யில் ஏறுவதற்கும் வரிசை உண்டு என்று சொல்லிச் சமாளித்தேன். 2024இல் கோயம்புத்தூரில் ஓர் உணவக உரிமையாளர், பன்னுக்கு வரியில்லை, அதில் க்ரீம் வைத்தால் 18 சதவீதம் என்று நிதி அமைச்சரிடமே சொன்ன பிறகு மன்னிப்புக் கேட்க நேர்ந்ததைத் தமிழ்நாடே பார்த்தது. எனவே வரி பற்றி இதற்கு மேல் நான் கேட்பதாயில்லை.

விண்ணப்பம் இதுதான். ஓய்வூதியர்கள் எல்லோரும் சேர்ந்து ஓர் உற்பத்திக் கம்பெனியாகப் பதிவு செய்துகொள்ள விரும்புகிறோம். 15 சதவீதச் சலுகைக்கு 2024 மார்ச் 31க்குள் உற்பத்தியைத் தொடங்கியிருக்க வேண்டுமாம். தேதி தாண்டிவிட்டது. அதற்குத்தான் தங்களிடம் பயிற்சி கேட்கிறேன். அது முடியாதென்றால், எங்களை அவைகளின் 789ஆவது உறுப்பினராகக் கருதி, 2023க்கு வேண்டாம், 2020க்கு ஒரே ஒரு முறை முத்திரையைத் திருப்பித் தரலாம்.

தொகைக்குப் பயப்பட வேண்டாம். அடிப்படை ஓய்வூதியம் 20,000 ரூபாய் வாங்குபவருக்கு முதல் ஆறு மாதம் 4 சதவீதம், அடுத்த ஆறு மாதம் 7, கடைசி ஆறு மாதம் 11 என்று கூட்டினால் 26,400 ரூபாய் வரும். அதைத் தவணையில் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வோம். ஒவ்வொரு நவம்பரிலும் லைஃப் சர்ட்டிபிகேட் வாங்கிப் பார்க்கும் அரசுக்கு, காத்திருக்கக் காத்திருக்க வரிசை குறையும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பதில் வழக்கம்போல மேசையில் வைக்கப்பட்டால், ஒரு பிரதியை எனக்குச் சாதாரணத் தபாலில் அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற சார்ட்டர்.

இணைப்பு:
பாஸ்புக் முதல் பக்க நகல்.
நாமினேஷன் படிவம் (நாமினிக்கும் அறுபது தாண்டிவிட்டதால், அவருக்கு ஒரு நாமினியையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்).