சென்னை வரவேற்பு மேடைகளில் டி.ஜே. தெரிவும் செலவுப் பகுப்பும்: ஓர் ஆய்வு

1. நுதலிப் புகுதல்

சென்னையில் கல்யாணம் என்பது ஒன்றல்ல, இரண்டு. காலையில் முகூர்த்தம், பெரும்பாலும் அதற்கு முந்தின மாலையே ரிசப்ஷன். முகூர்த்தத்துக்கு நாகஸ்வரம், தவில், கெட்டிமேளம் என எல்லாம் மரபே முடிவு செய்துவிட்டதால் அங்கே ஆய்வாளனுக்கு வேலை கிடையாது. ரிசப்ஷன் அப்படியல்ல. ஒரு காலத்தில் கீபோர்டு, தபலா, இரண்டு பாடகர்கள், ஒரு பாடகி என்று மெல்லிசைக் குழு உட்கார்ந்திருந்த மூலையில் இன்று ஒரு மேசை, ஒரு லேப்டாப், வட்டத் தட்டு பதித்த இரண்டு கருவிகள், ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டிய ஓர் இளைஞர். இவரைத் தெரிந்தெடுப்பது எங்ஙனம், இவருக்கென்று எவ்வளவு ஒதுக்குவது என்பன இவ்வாய்வின் வினாக்கள். டி.ஜே.க்குக் கொடுக்கும் பணம் பாட்டுக்காகச் செலவாவதில்லை என்பது கருதுகோள். வடக்கே அண்ணா நகர், தெற்கே ஈ.சி.ஆர். என்பன ஆய்வு எல்லை, ஆவடிக்காரர்கள் பொறுத்தருள்க. ஆய்வு முறை, பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் கேட்டல்.

2. முன்னோர் ஆய்வுகள்

இல்லை. (இந்த ஒரு சொல்லை முப்பது பக்கத்துக்கு நீட்டத் தெரிந்தவருக்கே முனைவர் பட்டம் என்பதை ஆய்வாளர் அறிவார். இருந்தும் நிறுத்துகிறார்.)

3. பழந்தமிழ்ச் சான்று

இலக்கியத்தில் வேர் காட்டாத கட்டுரையை எந்தக் கருத்தரங்கும் ஏற்பதில்லை. பதிவுக் கட்டணம் கட்டினால் ஏற்கும் என்பாரும் உளர், ஐ.எஸ்.பி.என். எண்ணோடு மலரே வரும் என்பாரும் உளர். நாம் மரபு வழியே செல்வோம். சிலப்பதிகார அரங்கேற்று காதையில் மாதவி ஆடும் அரங்குக்கு அளவு கூறப்பட்டுள்ளது: 24 விரல் நீளமுள்ள கோலால் அளந்து, 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூன்று திரைகள். தூணின் நிழல் மேடையில் விழாதபடி வைத்த விளக்குகள்.

இவற்றுள் கரந்துவரல் எழினி என்பது மேலே மறைந்திருந்து கீழே இறங்குவது. ட்ரஸ்ஸில் தொங்கும் எல்.இ.டி. வால் இதுவே என்பது வெள்ளிடைமலை. நிழல் விழாத விளக்கு மூவிங் ஹெட் லைட். குழலோன், யாழோன், தண்ணுமையோன் ஆகிய மூவரும் இன்று ஒரே பென் டிரைவில் அடக்கம். ஆகவே டி.ஜே. பூம்புகாரில் தோன்றினான் என நிறுவப்பட்டது. மறுப்போர் தமிழ்ப் பகைவர்.

நிதி மேலாண்மைக்கும் அதே காதையில் சான்று உண்டு. மாதவியின் மாலைக்கு 1008 கழஞ்சு பொன் விலை சொன்னார்கள். கோவலன் பேரம் பேசவில்லை; அப்படியே வாங்கிக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் கணக்கு வழக்கு என்ன ஆயிற்று என்பதை மதுரை வரை நடந்து பார்த்து அறிந்துகொள்க.

4. வகைப்பாடு

மண்டபத்தோடு வரும் டி.ஜே.: மாற்ற முடியாது, ஏ.சி.யைப் போல. ஈவென்ட் மேனேஜரோடு வருபவர்: இவர் வாங்குவது ஒரு தொகை, நீங்கள் கொடுப்பது வேறொரு தொகை. மாப்பிள்ளையின் காலேஜ் நண்பர்: இலவசம், வாழ்நாள் முழுக்கச் சொல்லிக் காட்டுவார். நட்சத்திர ஓட்டல் கிளப்பில் வாசிப்பவர்: மாமனார் மேடையேறும்போது ஆங்கிலப் பாட்டு. சவுண்ட் சர்வீஸ்காரர் மகன்: ஆய்வாளரின் பரிந்துரை இவரே. அப்பா கோயில் திருவிழாவுக்குக் குழாய் ரேடியோ கட்டியவர் என்பதால் எந்த வயர் எங்கே சுடும் என்பது பையனுக்கு ரத்தத்தில் இருக்கிறது (மணமகளின் சின்ன மாமா, வாய்மொழி, இரண்டாம் பந்தி).

தெரிவுக்கு ஒரே ஒரு தேர்வு போதும். இன்ஸ்டாகிராம் ரீல்ஸைப் பார்த்து முடிவு செய்யாமல், அவர் வாசிக்கும் வேறொரு கல்யாணத்துக்குப் போய்க் கடைசி வரிசையில் கால் மணி நேரம் உட்காருங்கள். "மன்மத ராசா" வந்தது 2003-இல், "நாக்க முக்க" 2008-இல், "அரபிக் குத்து" 2022-இல். எந்தப் பாட்டுக்கு எந்த வயதினர் நாற்காலியை விட்டு எழுகிறார்கள் என்று தொல்லியலார் மண்ணடுக்கைப் பார்ப்பதுபோல் பார்க்கலாம். நல்ல டி.ஜே. மூன்று அடுக்கையும் ஒரே தளத்தில் ஆட வைப்பார். மட்டமானவர் தமக்குப் பிடித்ததைப் போட்டுத் தாமே ஆடிக்கொண்டிருப்பார். இலக்கணத்தில் இதற்குக் கைக்கிளை என்று பெயர்.

5. வாட்ஸ் குறித்து

"சார், நம்மது 20,000 வாட்ஸ் செட்டப்" என்பார்கள். 10,000 வாட்ஸை 20,000 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் ஏறத்தாழ 10 மடங்கு வாட்ஸ் வேண்டும். அதாவது இரட்டிப்புப் பணம் கொடுத்து வாங்குவது, ஊன்றிக் கேட்டால் மட்டுமே தெரியும் வேறுபாடு. 400 பேர் உட்காரும் மூடிய ஹாலுக்கு இரண்டு டாப், இரண்டு பேஸ் நன்றாக வைத்தாலே போதும் என்பதை சவுண்ட்காரரே தனியாகக் கேட்டால் ஒப்புக்கொள்வார். எல்லார் முன்னும் கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார்.

6. மாமா குமிழ்

இனி இவ்வாய்வின் மையப் பொருளுக்கு வருவோம்.

இரவு எட்டே கால். போட்டோ வரிசை மேடையிலிருந்து வாசல் வரை நீள்கிறது. ஸ்பீக்கருக்கு எதிரே மூன்றாம் வரிசையிலிருந்து ஒருவர் எழுகிறார். வெள்ளை வேட்டி; சட்டைப் பையில் செல்போனும் நான்கு மொய்க் கவரும். இடது ஆள்காட்டி விரல் காதுக்குள். வலது உள்ளங்கை கீழ்நோக்கி, கண்ணுக்குத் தெரியாத ஒரு நாய்க்குட்டியைத் தட்டிக்கொடுத்தபடி கன்சோலை நெருங்குகிறது.

"தம்பி, கொஞ்சம் கொறைப்பா. பேசுனா ஒண்ணும் காதுல விழல."

"ஓகே அங்கிள்."

டி.ஜே.யின் கை மிக்ஸரின் வலது ஓரத்துக்குப் போய் ஒரு குமிழைப் பிடித்து, மரியாதையாக, மெதுவாக இடப்புறம் திருப்புகிறது. மாமா தலையைச் சாய்த்துக் கேட்கிறார். முகம் மலர்கிறது. "ஆங்... இப்பப் பரவால்ல." திரும்பிப் போகிறார்.

அந்த மிக்ஸரில் நான்கு சேனல். பாட்டு ஓடுவது முதல் இரண்டில். மாமாவுக்காகத் திருகப்பட்டது நான்காவது. அதில் எதுவும் செருகப்படவில்லை.

இக்குமிழின் இயல்பு பற்றி மூன்று பள்ளிகள் உள்ளன. மாமா ஏமாந்தார் என்பது முதற்பள்ளி (டி.ஜே.யின் அசிஸ்டன்ட், லைட் கம்பத்தின் கீழ், சிரிப்பினூடே). இது மேலோட்டமானது. மாமாவுக்கு எல்லாம் தெரியும்; அவர் வந்தது சத்தத்தைக் குறைக்க அன்று, தாம் சொன்னால் நடக்கும் என்பதைச் சம்பந்தி வீட்டார் கண்ணால் காணவே என்பது இரண்டாம் பள்ளி (மாமாவின் மனைவி, கை கழுவும் இடம்; பாயசத்துக்குப் பின் இதையே மேலும் விரித்துரைத்தார்; ஒப்புநோக்குக, அவர் தங்கை அருகிலிருந்து "அவரு எப்பவுமே அப்டிதான்" என எழுதிய வாய்மொழி உரை). மூன்றாம் பள்ளியே அறிவியல் சார்ந்தது. திறந்த வெளியில் ஸ்பீக்கரிலிருந்து தூரம் இரட்டிக்கும்தோறும் ஒலி 6 டெசிபல் குறையும். ஹாலுக்குள் எதிரொலியால் அதைவிடக் குறைவாகவே குறையும் என்றாலும், குறையும். "பரவால்ல" என்றபின் மாமா பழைய இடத்தில் உட்காராமல் நேரே டைனிங் ஹாலுக்குப் போகிறார். ஆக ஒலி மெய்யாகவே குறைந்தது, குறைத்தவை மாமாவின் கால்கள் (இக்கருத்தைக் கைதுடைக்கும் தாளின் பின்புறம் படம் வரைந்து விளக்கியவர் கேட்டரிங் சூப்பர்வைசர், தாள் ரசம் பட்டு மூன்றாம் வரிக்குமேல் சிதைந்துள்ளதால் எஞ்சிய பகுதிக்குப் பாடபேதம் உண்டு, மூலப்படி ஆய்வாளரிடம் இருந்து, வேட்டியோடு சலவைக்குப் போய்விட்டது).

சிக்கல் இதன் பிறகுதான். எட்டரைக்குப் பெண் வீட்டு அத்தை வருகிறார். "ஏம்பா, சத்தமே இல்ல, எழவு வீடு மாதிரி இருக்கு. கொஞ்சம் ஏத்து." அதே குமிழ் வலப்புறம் திரும்புகிறது. அத்தைக்கும் திருப்தி. ஆனால் மாமாவும் அத்தையும் ஒரே நேரத்தில் கன்சோலின் இருபுறமும் நின்றால்? ஒரு குமிழை இருபுறமும் திருப்ப இயலாது. கைதேர்ந்த டி.ஜே. இந்த வேளையில் மூன்றாவது சேனலை அத்தைக்கென ஒதுக்குகிறார். இதுவே சம்பந்திக் குமிழ். ஆகவே இரண்டு சேனல் மிக்ஸர் மட்டும் வைத்திருப்பவரைக் கல்யாணத்துக்கு அமர்த்தலாகாது என்பது இவ்வியலின் முடிபு (உடன்படுவோர்: பெண் வீட்டார், மறுப்போர்: அந்த அத்தை, மௌனம் சாதித்தோர்: மாப்பிள்ளை).

இம்முறை டி.ஜே.க்களின் கண்டுபிடிப்பு அன்று என்பதையும் நேர்மையுடன் பதிவு செய்ய வேண்டும். ஆய்வேட்டை முழுதும் திருத்தி வரச்சொல்லி நெறியாளர் திருப்பியனுப்ப, மாணவர் ஒரு வாரம் வெளியே சுற்றிவிட்டு எழுத்துருவை மட்டும் மாற்றி அதே ஏட்டை நீட்ட, நெறியாளர் இரண்டு பக்கம் புரட்டி "ஆங்... இப்பப் பரவாயில்லை" என்று கையெழுத்திடும் மரபு நம் பல்கலைக்கழகங்களில் நெடுங்காலமாக உண்டு.

ஒன்று மட்டும் விளையாட்டல்ல. அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் தொழிலிடங்களுக்குச் சொல்லும் வரம்பு 85 டெசிபலில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். தாத்தா பாட்டிகளையும் கைக்குழந்தைக்காரர்களையும் ஸ்பீக்கர் பக்கம் உட்கார வைக்காமலிருக்கக் குமிழ் எதுவும் வேண்டியதில்லை.

7. செலவுப் பகுப்பு

கேட்கும் தொகை 15,000, 20,000 என்று தொடங்கி லட்சத்தைத் தாண்டிப் போகும். வளர்பிறை முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமையோடு ஒட்டி விழுந்தால் அதுவே வேறு விலை. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் வைத்தால் மலிவாக முடியும், வைக்க விடமாட்டார்கள்.

முதலில் சொல்லும் தொகை டி.ஜே.யின் கூலி மட்டும். அதற்குப் பிறகு தனித்தனியாக வருவன: சவுண்ட், லைட், சதுர அடிக் கணக்கில் எல்.இ.டி. வால், மேடையேறும்போது பொறி பறக்கும் கோல்ட் பைரோ, மணமக்களை மேகத்தில் நடக்கவைக்கும் ட்ரை ஐஸ், மைக் பிடிக்கும் ஆங்கர், குட்டி யானை வாடகை, லோடு மேன் கூலி, ஐந்தாறு பேருக்குச் சாப்பாடு, ஜெனரேட்டர் டீசல், எல்லாவற்றுக்கும் மேலே 18 சதவீத ஜி.எஸ்.டி. வெளியாள் சவுண்ட் கொண்டுவந்தால் தனிக் கட்டணம் கேட்கும் மண்டபங்களும் உண்டு.

இனி ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம் என்று பார்ப்போம். பத்திரிகையில் 6.30. மேக்கப் முடிந்து பெண் வர 7.45. போட்டோ வரிசை 9.15 வரை. அதுவரை டி.ஜே. ஓட்டுவதெல்லாம் பின்னணி இசை; அதற்கு ஒரு பென் டிரைவே போதும். 9.15-லிருந்து 10 வரை 45 நிமிடம். எல்லாம் சேர்த்து 60,000 என்று பேசியிருந்தால் நிமிடத்துக்கு 1,333 ரூபாய். "நாலு மணி நேர பேக்கேஜ் வேண்டாம், ரெண்டு மணி நேரம் போதும்" என்று கேட்டுப் பாருங்கள், பெரிதாகக் குறையாது. ஏற்றுவதும் இறக்குவதும் கட்டுவதும் அவிழ்ப்பதும்தான் அவர் செலவு. நேரம் அவருக்குச் செலவே அல்ல, ஓவர்டைம் தொடங்கும்வரை.

ஆகப் பணம் பாட்டுக்குப் போகவில்லை. குட்டி யானைக்கும் டீசலுக்கும் போனது போக மீதி, இரு வீட்டாரையும் ஒரே இரவில் திருப்திப்படுத்தும் கூலி.

8. சட்டம்

2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. உள்ளுக்குள்ளேயே கேட்கும்படியான மூடிய ஹாலுக்கு விலக்கு உண்டு, ஈ.சி.ஆர். புல்வெளிக்கும் மொட்டை மாடிக்கும் இல்லை. சில பண்டிகை நாட்களில் நள்ளிரவு வரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. உங்கள் வீட்டுக் கல்யாணம் அந்தப் பட்டியலில் வராது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்பது வரம்பு. அத்தையின் குரலே அதைத் தாண்டும்.

பில்லில் பாட்டு லைசென்ஸ் என்று ஒரு வரி இருந்தால் கேள்வி கேளுங்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கல்யாண ஊர்வலத்திலும் கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களிலும் பாட்டு ஒலிப்பதற்கு விலக்கு அளிக்கிறது. அந்த விழாக்களுக்கு ராயல்டி வசூலிக்கலாகாது என்று 2023 ஜூலையில் மத்திய அரசே பொது அறிவிப்பும் வெளியிட்டது.

9. பரிந்துரை

முன்பணம் கொடுக்குமுன் நான்கு விஷயத்தை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: வருவது அவரா, அசிஸ்டன்டா; சவுண்ட் செக் எத்தனை மணிக்கு; ஓவர்டைம் மணிக்கு எவ்வளவு; டீசல் யார் கணக்கில். முழுப்பணத்தையும் முன்னாலேயே கொடுத்துவிடாதீர்கள். அவருடைய ஆட்களுக்கு ஒன்பது மணிக்குள் இலை போட்டுவிடுங்கள், பசித்தவன் கையில் பேஸ் கூடும். நான்காவது சேனலில் என்ன செருகியிருக்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள். பக்கத்தில் மாமா நின்றுகொண்டிருப்பார்.