பெரம்பலூர் வட்டாரத்தில் காரணமற்ற நடை: ஒரு கள ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

இங்கிலாந்தில் ஹெப்டன் பிரிட்ஜ் என்றொரு சந்தை ஊர். ‘நடந்து வருவோருக்கு நல்வரவு’ என்று 2007-இல் அறிவித்துக்கொண்டது. பிறகு பல ஊர்கள் அந்த வழியில் சேர்ந்துகொண்டன. சும்மா நடப்பதற்காகவே லீவு போட்டுவிட்டு அங்கெல்லாம் போகிறார்கள். பெரம்பலூரிலும் அரியலூரிலும் அப்படியொரு பலகை என் கண்ணில் படவில்லை. காரணம் விருந்தோம்பலின் குறைவா, மிகுதியா என்பதே இக்கட்டுரை ஆராய எடுத்துக்கொண்ட கேள்வி.

2. களம்

களம் ஒரே இடத்தில் நிற்பதில்லை. 1995-இல் திருச்சியிலிருந்து பிரிந்தது பெரம்பலூர் மாவட்டம். அரியலூர்க் கடைத்தெருவில் திண்ணையை விட்டு இறங்காத ஒரு பெரியவரை எடுத்துக்கொள்வோம். அவர் 2001-இல் அரியலூர் மாவட்டத்துக்குப் போனார். 2002-இல் பெரம்பலூருக்குத் திரும்பினார். 2007-இல் மறுபடியும் அரியலூர். ஓரடி எடுத்து வைக்காமல் இவ்வளவு பயணம் வாய்த்தவருக்கு நடையின் மேல் மதிப்பு எப்படி வரும்?

இப்படிப் போய்வந்ததில் முன்னோடி, ஒரு காலத்தில் இங்கே இருந்த கடல். காரைப் பக்கத்து ஓடைகளில் சுருள் சுருளாகக் கிடக்கும் அம்மோனைட் ஓடுகளும், சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் 12 கோடி ஆண்டு மரமும் அதற்குச் சாட்சி. வந்தது, வெகுகாலம் தங்கியது, போய்விட்டது. ‘எங்க கிளம்பிட்டீங்க?’ என்று கேட்க ஆளில்லாத காலம் என்பதால்தான் அதனால் போக முடிந்தது என்பது என் கணிப்பு.

3. அளவையும் வகைப்பாடும்

நாலு கூப்பீடு கொண்டது ஒரு காதம் என்கிறது பழைய வாய்பாடு. “தோ, கூப்பிடு தூரம்தான்” என்கிற இன்றைய விடைக்கு வாய்பாடு கிடையாது. கூப்பிடுகிறவரின் தொண்டையையும், அவர் மனதுக்குள் ஓட்டிப் பார்க்கும் டிவிஎஸ் 50-இன் வேகத்தையும் பொறுத்தது அது.

நடப்பவர்களில் நான்கு வகையினரை இவ்வட்டாரம் அங்கீகரிக்கிறது. மஞ்சள் உடுத்தியவர் சமயபுரம் போகிறார். காவி உடுத்தியவர் வேளாங்கண்ணி போகிறார். கேன்வாஸ் ஷூ போட்டவருக்குச் சர்க்கரை. மற்றவருக்கு வண்டி பஞ்சர். ஐந்தாம் வகை இல்லை. அந்த ஐந்தாம் வகையாக நானே ஆனேன்.

4. சோதனை

பெரம்பலூர் பாலக்கரையிலிருந்து சிறுவாச்சூர் வரை, ஏறக்குறைய 8 கிலோமீட்டர். நாள்: புதன்கிழமை. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் வழக்கமாகத் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும். ஆகவே புதனன்று பக்தர் என்ற சந்தேகத்துக்கு இடமிருக்காது.

முதல் பதிவு, பாலக்கரை டீக்கடை. “என்ன சார், வண்டி என்னாச்சு?”

“வண்டி இல்லீங்க. சும்மா நடக்கறேன்.”

“சும்மாவா?”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு கேட்காமலே ஒரு டீ வந்தது, சர்க்கரை இல்லாமல். என்னை மூன்றாம் வகையில் சேர்த்துவிட்டார்கள்.

இரண்டாம் பதிவு, நான்கு ரோடு தாண்டி. சின்ன வெங்காய மூட்டையோடு ஒரு டிவிஎஸ் பக்கத்தில் நின்றது. “ஏறுங்கண்ணே.” நடப்பதற்காகவே வந்திருப்பதாகச் சொன்னேன். “நடங்க, யாரு வேணாங்கறா” என்றவர், வண்டியை என் வேகத்துக்கே ஓட்டிக்கொண்டு கூடவே வந்தார். பட்டறை போட்டு வைத்த வெங்காயம், அழுகிப்போனது எவ்வளவு, வியாபாரி கேட்ட விலை என்ன, மக்காச்சோளமே போட்டிருக்கலாமோ என்று விவரமான பேச்சு. கால் மணி நேரத்தில் அவருடைய பெட்ரோலை நினைத்து எனக்கே மனசு கேட்கவில்லை. பின்னால் இருந்த மூட்டை முன்னால் போனது, நான் ஏறினேன்.

“எதுவரைக்கும்ணே?”

“சிறுவாச்சூர்.”

“இன்னைக்குப் புதனாச்சே. நடை கிடையாதே!”

5. முடிவு

நடை கிடையாதுதான். கதவு சாத்தியிருந்தது. வாரத்தில் இரண்டு நாள்தான் அம்மன் இங்கே இருப்பாள், மற்ற நாட்களில் பெரியசாமி மலையில் என்பது ஐதீகம். ஆக, இவ்வட்டாரத்தில் தவறாமல் மலைக்கும் ஊருக்கும் போய்வருவது அவள் ஒருத்திதான். அவளை நிறுத்தி ஏறிக்கச் சொல்ல யாருக்கும் துணிவில்லை.

எதிரே பெட்டிக்கடையில் இருந்த ஆயா சோடாவை உடைத்துக் கொடுத்துவிட்டு விசாரித்தார். முழுவதும் சொன்னேன், கருதுகோள் உட்பட.

“அந்த ஆத்தாளே வாரத்துல ரெண்டு நாளுதான் இங்க வர்றா. நீ எதுக்கு சாமி புதங்கெழமை நடந்து வந்த?”

நடந்து வரவில்லை, பாதிக்கு மேல் வண்டியில்தான் வந்தேன் என்று சொல்லி மானத்தைக் காப்பாற்றிக்கொண்டேன். ஆய்வாளர் கடந்த தூரம் 8 கிலோமீட்டர். நடந்தது கூப்பிடு தூரம். நல்வரவுப் பலகை இங்கே இல்லாதது, அதை நின்று படிக்க விடமாட்டார்கள் என்பதால்தான். மேலாய்வை மஞ்சள் துண்டோடு வெள்ளிக்கிழமை வைத்துக்கொள்ளப் பரிந்துரைக்கிறேன்.

திரும்பி நடக்கலாம் என்று ரோட்டுக்கு வந்தேன். ஒரு வேன் நின்றது.