பத்து இலக்கச் சுவடியும் ஆசிரியர் பெயர்ச் சிக்கலும்

பாடியவர் பெயர் தெரியாத சங்கப் பாட்டு கையில் கிடைத்தால் பாட்டுக்குள்ளிருந்தே ஒரு தொடரை எடுத்துப் பெயராகச் சூட்டிவிடுவது நம் மரபு. செம்புலப்பெயல்நீரார், தேய்புரிப் பழங்கயிற்றினார் எல்லாம் அப்படிப் பெயர் பெற்றவர்களே. மதியச் சோற்றில் கை வைக்கும் நேரம் பார்த்து வரும் மிஸ்டு காலிலும் இதே சிக்கல்தான்: பத்து இலக்கம் இருக்கிறது, ஆசிரியர் இல்லை. இத்துறையில் நிலவும் வெற்றிடத்தை நிரப்ப முற்படுகிறது இக்கட்டுரை.

முதலில் அகச்சான்று. 94440 என்றால் சென்னை பி.எஸ்.என்.எல்., 98400 என்றால் சென்னை ஏர்டெல் என்று எண்ணைப் பார்த்ததுமே ஊரும் கம்பெனியும் சொல்லும் சித்தப்பாக்கள் வீட்டுக்கு ஒருவர் இருந்தார்கள். நம்பரை மாற்றாமல் கம்பெனியை மாற்றிக்கொள்ளும் வசதி 2011 ஜனவரி 20 அன்று நாடு முழுவதும் வந்தது. சித்தப்பாக்கள் ஓய்வு பெற்றார்கள். 140 என்று தொடங்கினால் ஏதோ விற்க வருகிறார்கள் என்ற ஒரு சூத்திரம் மட்டும் எஞ்சியிருக்கிறது.

அடுத்தது வாய்மொழி மரபு. திருப்பிக் கூப்பிட்டுக் கேட்பது.

"யாருங்க?"

"நீங்க யாருங்க?"

"இந்த நம்பர்லேர்ந்து கால் வந்துச்சு."

"நான் பண்ணலையே. மொதல்ல நீங்க யாருன்னு சொல்லுங்க."

இரு தரப்பும் வினா மட்டுமே தொடுத்து, ஒரு விடையும் வராமல் வைத்துவிடும் இந்த வடிவத்துக்கு இலக்கணிகள் இன்னும் பெயரிடவில்லை.

மூன்றாவது, வங்கிப் பள்ளி. கூகுள் பேயில் எண்ணைத் தட்டி, பணம் அனுப்பப் போவதுபோல் பாவனை செய்து, பெயர் தெரிந்ததும் நழுவிவிடுவார்கள். 'சரஸ்வதி ஆர்' என்று வந்தது ஒரு நேர்வில். மாமியார் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்தார். "எந்த சரஸ்வதி? நம்ம கும்பகோணத்துச் சரஸ்வதியா? அவ போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷமாச்சே!" வீடு ஒரு கணம் வெலவெலத்துப் போனது. கூப்பிட்டவர் தண்ணீர் கேன் போடும் பையன். கணக்கு அவன் அம்மா பெயரில்.

பாடபேதம் மலிந்த நான்காவது பள்ளிதான் ஆய்வாளனுக்கு விருந்து. 2009-இல் ஸ்டாக்ஹோமில் பிறந்த ட்ரூகாலர் காட்டுவது பெரும்பாலும் ஒருவர் தன்னை என்ன சொல்லிக்கொள்கிறார் என்பதை அல்ல, பிறர் அவரைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்பதை. 'ஏசி மெக்கானிக் நியூ', 'முருகன் ஜேசிபி', 'சீட்டுப் பணம் தராதவர்'. தேய்புரிப் பழங்கயிற்றினாருக்குப் பெயர் வைத்தவர்களின் வாரிசுகள் ஸ்வீடன் கம்பெனிக்குச் சம்பளமில்லாமல் உழைக்கிறார்கள் என்பதே கட்டுரையாளரின் துணிபு. இடைச்செருகலும் உண்டு. கைவிடப்பட்ட எண் குறைந்தது 90 நாள் சும்மா கிடந்தபின் வேறு ஆளுக்குப் போகிறது. புதியவர் பாங்க் மேனேஜராக இருந்தாலும் ஊருக்கெல்லாம் அவர் 'பால்காரர்' தான்.

சிம் வாங்கும்போது படிவத்தில் எழுதிய பெயரையே கூப்பிடும்போது திரையில் காட்டலாம் என்று 2024 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் பரிந்துரைத்தது. இதைக் கட்டுரையாளர் வன்மையாக மறுக்கிறார். நம் ஊரில் ஒருவர் பெயரில் 9 இணைப்பு வரை வைத்துக்கொள்ளலாம். அப்பாக்கள் அதைச் செவ்வனே பயன்படுத்திக்கொள்கிறார்கள். மகள் இன்டர்வியூ விஷயமாக ஒரு ஆபீசுக்குப் பேசினால் அங்கே 'பி. ராமலிங்கம்' என்று ஒளிரும். தவிர, குழாய் உடைந்து கூடமெல்லாம் தண்ணீர் ஓடும்போது 'கே. சுப்பிரமணியன்' கூப்பிட்டால் எவர் எடுப்பார்? 'பிளம்பர்' என்று வந்தால் ஈரக்கையோடு பாய்ந்து எடுப்போம்.

கள ஆய்வில் பரிசீலித்த கைபேசிகளுள் ஒன்றில் 'எடுக்காதே 2' என்றொரு பதிவு கிட்டியது. 'எடுக்காதே 1' யார் என்று உரியவரைக் கேட்டதற்கு, "அது எங்க மேனேஜர், இப்போ மாத்தல்ல போயிட்டார்" என்றார்.